எனுகு நிலக்கரிச் சுரங்கமும் நைஜீரிய விடுதலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1949 நவம்பர் 18 அன்று, கிழக்கு நைஜீரியாவில் எனுகு நகரை ஒட்டியுள்ள ஐவா பள்ளத்தாக்குச் சுரங்கத்தில் போலீஸார் சுட்டதில் 21 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், 51 பேர் காயமடைந்தார்கள். நைஜீரிய விடுதலை வரலாறு எழுதுகிற எல்லோரும் இதை ஒரு வரியாவது குறிப்பிடுவார்கள். அந்த ஒரு வரியில் சுரங்கம் காணாமல் போய்விடுகிறது. வேலை எப்படி நடந்தது, கூலித் தகராறு எங்கே தொடங்கியது, வெடிமருந்து ஏன் பிரச்சினையானது என்று தெரியாமல் அந்தத் துப்பாக்கிச் சூட்டைப் புரிந்துகொள்ள முடியாது. வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

எனுகுவில் சுரங்கம் எப்படி வந்தது?

1909-இல் ஆல்பர்ட் கிட்சன் தலைமையிலான கனிம ஆய்வுக் குழு உடி மலைச்சரிவில் நிலக்கரி இருப்பதைக் கண்டது. 1915-இல் முதல் சுரங்கம் திறக்கப்பட்டது. அப்போது எனுகு என்று ஒரு நகரமே கிடையாது. சரிவின் மேலும் கீழும் இக்போ மக்களின் ஊர்கள்தான் இருந்தன. சுரங்கம் முதலில் வந்தது, அதற்கு ஆள் தங்க முகாம் வந்தது, பிறகு நகரம் வந்தது.

கரியைக் கடலுக்குக் கொண்டுபோக வழி வேண்டும். அதற்காகவே தெற்கே ஒரு துறைமுகத்தை உருவாக்கி, அன்றைய காலனி அமைச்சர் லூயிஸ் ஹார்கோர்ட்டின் பெயரால் போர்ட் ஹார்கோர்ட் என்று அழைத்தார்கள். அங்கிருந்து 240 கிலோமீட்டர் அளவுக்கு ரயில் பாதை போட்டு 1916-இல் எனுகுவைத் தொட்டார்கள். அந்த ஆண்டு வெட்டி எடுத்த கரி சுமார் 24,500 டன். ஐவா பள்ளத்தாக்குச் சுரங்கம் 1917-இல் திறக்கப்பட்டது.

சுரங்கத்தின் முதலாளி யார்?

அரசாங்கம்தான். இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வடக்கே ஜோஸ் பீடபூமியின் தகரச் சுரங்கங்கள் தனியார் கம்பெனிகளிடம் இருந்தன. வட ரொடீசியாவின் (இன்றைய ஜாம்பியா) செம்புச் சுரங்கங்களும் அப்படித்தான். எனுகுவில் மட்டும் சுரங்கத்தை நடத்தியது காலனி அரசின் ஒரு துறை. கரியில் பெரும்பங்கை வாங்கியதும் அரசின் ரயில்வே. மீதி மின்நிலையங்களுக்கும் கப்பல்களுக்கும் போனது, கோல்ட் கோஸ்டுக்கும் (இன்றைய கானா) கொஞ்சம் ஏற்றுமதியானது.

ஆக, கூலி கூட்டிக் கேட்டால் கேட்கப்படுவது அரசாங்கம். மறுப்பதும் அதுதான், வேலையை விட்டு நிறுத்துவதும் அதுதான், போலீஸை அனுப்புவதும் அதுதான். தனியார் சுரங்கத்தில் தகராறு முற்றினால் இரு தரப்புக்கும் நடுவே அரசு வந்து நிற்கிறதாகக் காட்டிக்கொள்ளலாம். இங்கே நடுவில் நிற்க யாரும் இல்லை. எனுகுவின் கூலித் தகராறு அவ்வளவு வேகமாக அரசியலாக மாறியதற்கு முதல் காரணம் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆரம்பத்தில் ஆட்களை எப்படிச் சேர்த்தார்கள்?

முதல் ஆட்கள் ஒனிட்சா பக்கமிருந்து வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தாமாக வரவில்லை. அவர்களுக்கு நிலம் இருந்தது, விவசாயம் இருந்தது. மலையைக் குடைந்து இருட்டுக்குள் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே பிரிட்டிஷார், தாங்களே சான்று கொடுத்து நியமித்த ஊர்த் தலைவர்களைப் பிடித்தார்கள். ஆள் அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது. அவர்களில் மிகச் செல்வாக்குள்ளவர் ஏகே ஊரின் ஒன்யேயாமா. தலைவர் ஆள் கேட்டால் ஊரில் யாரும் மறுக்க முடியாது, மறுத்தால் தண்டனை. காலம் போகப் போகத் தலைவரின் பிடி தளர்ந்து, கூலிக்காக வருகிறவர்கள் கூடினார்கள். வரியைக் காசாகக் கட்ட வேண்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சுரங்கத்துக்குள் வேலை எப்படி நடந்தது?

எனுகுவில் ஆழக் கிணறு போல வெட்டி, கூண்டில் இறங்குகிற சுரங்கம் இல்லை. பள்ளத்தாக்கின் பக்கச் சுவரில் கரிப்படலம் வெளியே தெரிகிற இடத்தில் வாய் வெட்டி, மலைக்குள் கிடையாகக் குடைந்துகொண்டே போவார்கள். உள்ளே தூண்களாகக் கரியை விட்டுவிட்டு, இடையிலுள்ளதை அறை அறையாக வெட்டி எடுப்பார்கள். மேற்கூரை இறங்காமல் மர முட்டு கொடுக்க வேண்டும். மேலே உள்ள மணற்பாறையிலிருந்து தண்ணீர் ஓயாமல் கசியும், அதை வெளியேற்றாவிட்டால் வேலை நின்றுவிடும்.

வேலை ஒரு சங்கிலி. கரிமுகத்தில் நிற்பவர் வெட்டுத் தொழிலாளி, அங்கே அவரை ‘ஹூவர்’ என்பார்கள். பிக்காசால் அடியில் பள்ளம் பறிப்பார், தேவையான இடத்தில் துளையிட்டு வெடி வைத்துத் தகர்ப்பார்கள், விழுந்த கரியைத் தொட்டி வண்டியில் நிரப்புவார்கள். தொட்டி தள்ளுகிறவர்கள் அதைக் குறுகிய தண்டவாளத்தில் தள்ளிப் பிரதான பாதைக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து இழுவை இயந்திரம் வெளியே இழுக்கும். வெளியே சல்லடையில் தரம் பிரித்து ரயில் வேகனில் கொட்டுவார்கள். முட்டு வைப்பவர், தண்டவாளம் போடுபவர், இயந்திரக்காரர், விளக்குக்காரர் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் கரிமுகத்தில் வெட்டுகிறவர் கையை மெதுவாக ஓங்கினால் அவருக்குப் பின்னால் உள்ள ஒவ்வொருவரும் காலித் தொட்டியோடு நிற்க வேண்டியதுதான். தொழிற்சங்கத்தின் பலம் முழுவதும் இந்த இடத்தில் இருந்தது.

1949-க்கு முன்பே மனக்கசப்பு இருந்ததா?

நிறைய. இரண்டாம் உலகப் போரின்போது கரிக்குத் தேவை ஏறியது, கடையில் விலைவாசியும் ஏறியது, கூலி பின்தங்கியது. 1945 ஜூனில் நைஜீரியா முழுவதும் அரசு ஊழியர்களும் ரயில்வே தொழிலாளர்களும் பஞ்சப்படி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கத்தை அசைக்கலாம் என்ற நம்பிக்கை அதில்தான் பரவலாக வந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. எனுகுவின் இன்னொரு சுரங்கமான ஒக்பெட்டேயில் யேட்ஸ் என்ற வெள்ளை அதிகாரி ஒக்வுடிலி ஒஜியி என்பவரை அடித்தார். மேலதிகாரி கைநீட்டுவது அங்கே புதிதல்ல. புதிதாக நடந்தது என்னவென்றால், யேட்ஸ் மீது வழக்குத் தொடரப்பட்டது. காலனி நைஜீரியாவில் அடிபட்டவர் கறுப்பர், அடித்தவர் வெள்ளையர் என்றிருக்கும்போது வழக்கு நீதிமன்ற வாசலை எட்டுவதே அபூர்வம். ஒஜியி பிற்பாடு சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளராக 1949 போராட்டத்தை நடத்தியவர்.

1949-இல் தொழிலாளர்கள் கேட்டது என்ன?

விடுதலையை அல்ல. நிலுவைத் தொகையையும், கூலி உயர்வையும், வேலைத் தரத்துக்கேற்ற ஊதிய நிலையையும் கேட்டார்கள். நிலுவைப் பிரச்சினை முறைவைத்து வேலை கொடுத்த பழைய ஏற்பாட்டிலிருந்து வந்தது. தேவைக்கு மேல் ஆட்களைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, வேலைக்கு வந்து நிற்பவர்களில் ஒரு பகுதியினரை அன்றைய கூலி இல்லாமல் திருப்பி அனுப்புவது அந்த ஏற்பாடு. வைகறையில் ஊரிலிருந்து நடந்து வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இது சட்டப்படி செல்லாது, அந்த நாட்களின் பணம் எங்களுக்கு வர வேண்டும் என்றார்கள். வெட்டுத் தொழிலாளிகள் தங்கள் பங்கு கிடைக்கவில்லை என்று விடாமல் நின்றார்கள்.

ஏன் வேலைநிறுத்தம் செய்யாமல் மெதுவாக வேலை செய்தார்கள்?

வேலைநிறுத்தத்தில் தொழிலாளி வாசலுக்கு வெளியே நிற்கிறார். வெளியே போனவரை நிர்வாகம் திரும்ப விடாமல் கதவை அடைக்கலாம், அவர் இடத்தில் புதிய ஆளை எடுக்கலாம். மெதுவேலையில் அவர் உள்ளேயே இருக்கிறார். வேலைக்கு வருகிறார், பிக்காசு பிடிக்கிறார், ஆனால் நிரம்புகிற தொட்டிகள் குறைகின்றன. எனுகுவில் இதை ‘வேலு ந்வாயோ’ என்று இக்போ மொழியில் சொன்னார்கள், நிதானமாகச் செய் என்று பொருள்.

இந்த முறையில் ஒரு பலவீனமும் உண்டு. யார் வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார், யாருக்குப் பாறை கடினமாக இருந்தது என்று நிரூபிப்பது கடினம். அதனால் நிர்வாகம் ஆள் ஆளாக விசாரிப்பதை விட்டுவிட்டு மொத்தமாக நடவடிக்கை எடுக்கத் தொடங்கும். 1949 நவம்பரில் அதுதான் நடந்தது. வெட்டுத் தொழிலாளிகளைக் கும்பலாக வேலைநீக்கம் செய்தார்கள். கதவடைப்பு வருமோ என்று பயந்த மற்றவர்கள் சுரங்கத்தை விட்டு வெளியேற மறுத்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

வெடிமருந்தை அகற்ற வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது ஏன்?

கரி தகர்க்க வெடிமருந்து வேண்டும் என்பதால் சுரங்க வளாகத்திலேயே கிடங்கு இருந்தது. தொழிலாளர்கள் சுரங்கத்தில் அமர்ந்திருக்க, அந்த வெடிமருந்து தீவிரவாதிகள் கைக்குப் போய்விடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அந்தப் பயத்துக்குப் பின்னணி இருந்தது. 1948 பிப்ரவரி 28-இல் கோல்ட் கோஸ்டின் அக்ராவில் முன்னாள் படைவீரர்களின் ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு மூவர் இறந்து, நகரமே கொந்தளித்திருந்தது. அதே ஆண்டு மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரநிலை. நைஜீரியாவிலேயே, ‘ஸிக்’ என்று அழைக்கப்பட்ட தேசியத் தலைவர் ந்நாம்டி அசிகிவேயின் பெயரால் 1946-இல் தோன்றிய ஸிகிஸ்ட் இளைஞர் இயக்கம், வரி கட்டாதே, ஆட்சிக்கு ஒத்துழைக்காதே என்று 1948 அக்டோபரில் வெளிப்படையாக அறைகூவல் விட்டு, தலைவர்கள் ராஜத்துரோக வழக்கில் சிறை போயிருந்தார்கள்.

இப்போது அதையே தொழிலாளர் பக்கமிருந்து பாருங்கள். வெடிமருந்து இல்லாமல் சுரங்கம் ஓடாது. அதை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்றால் சுரங்கத்தை மூடப் போகிறார்கள், எல்லோரையும் வெளியே தள்ளப் போகிறார்கள் என்றுதான் அவர்கள் படிப்பார்கள். ஒரே பெட்டிகள், இரண்டு பயங்கள். யாராவது போய், ஏன் எடுக்கிறோம் என்று தொழிலாளர்கள் நம்பும்படி விளக்கியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும்.

நவம்பர் 18 அன்று நடந்தது என்ன?

மூத்த போலீஸ் கண்காணிப்பாளர் கேப்டன் பிலிப் ஆயுதம் தாங்கிய போலீஸ் படையோடு ஐவா பள்ளத்தாக்குக்கு வந்தார். வெடிமருந்தை வண்டியில் ஏற்ற உதவும்படி கேட்டதற்குத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். கூட்டம் சேர்ந்தது. ஒற்றுமையின் அடையாளமாகப் பலர் சிவப்புத் துணிக் கீற்றுகளைத் தொப்பியிலும் முழங்காலிலும் மணிக்கட்டிலும் கட்டியிருந்தார்கள். பாடினார்கள், ஆடினார்கள், சத்தமிட்டார்கள். சுரங்கத்தில் பயன்படுத்தும் கருவிகள் சிலர் கையில் இருந்தன, வேலைக்கு வந்தவர்கள் கையில் வேறு என்ன இருக்கும்? போலீஸாரைப் பார்த்து நீங்களும் எங்கள் சகோதரர்கள்தான் என்று கூவியவர்களும் உண்டு.

பிலிப்புக்கு இக்போ தெரியாது. பாட்டு போர்ப் பாட்டாகவும், ஆட்டம் போர் ஆட்டமாகவும், சிவப்புத் துணி தாக்குதலுக்கான குறியாகவும் அவருக்குப் பட்டது. கூட்டம் நெருங்கியதும் சுட உத்தரவிட்டார். அங்கே கூடியிருந்தவர்கள் ஆயுதம் ஏந்திப் போருக்கு வந்தவர்கள் அல்ல. கூலி பாக்கிக்காக உட்கார்ந்திருந்த சுரங்கத் தொழிலாளிகள்.

சுட்டவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தினரா?

இல்லை. உத்தரவிட்டவர் பிரிட்டிஷ் அதிகாரி. துப்பாக்கி பிடித்தவர்கள் காலனி போலீஸில் இருந்த ஆப்பிரிக்கக் காவலர்கள்.

செய்தி பரவியதும் என்ன ஆனது?

ஒரு வாரத்துக்குள் ஆபா, போர்ட் ஹார்கோர்ட், ஒனிட்சா, கலபார் நகரங்களில் கலவரம் மூண்டது. ஐரோப்பியக் கம்பெனிக் கடைகள் தாக்கப்பட்டன. ஆளுநர் ஜான் மெக்பர்சன் கிழக்கின் கலவரப் பகுதிகளில் அவசரநிலை அறிவித்தார்.

எங்கள் பார்வையில் அதைவிடப் பெரிய விஷயம் லாகோஸில் நடந்தது. அசிகிவேயின் கட்சியும் அதற்கு எதிராக நின்ற நைஜீரிய இளைஞர் இயக்கமும் பத்திரிகைகளில் ஒன்றையொன்று கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கிழக்கின் இக்போ, மேற்கின் யோருபா என்ற இனப் பிளவு நன்றாகவே தெரிந்தது. துப்பாக்கிச் சூடு அந்த இரண்டு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. டாக்டர் அகினோலா மஜா தலைமையில் தேசிய அவசரக் குழு அமைந்தது. இறந்தவர்கள் பெரும்பாலும் இக்போக்கள், அவர்களுக்காகக் குழுவின் தலைமையில் நின்றவர் யோருபா. ஓராண்டு முடிவதற்குள் அந்த ஒற்றுமை உடைந்துபோனது வருத்தத்துக்குரியது. ஆனாலும் நைஜீரியர் என்ற அளவில் சேர்ந்து துக்கப்பட்டதும் சேர்ந்து கேள்வி கேட்டதும் அழிந்துபோகவில்லை.

ஸிகிஸ்டுகள் இன்னும் தீவிரமானார்கள். 1950 பிப்ரவரியில் காலனி அரசின் தலைமைச் செயலர் ஹியூ ஃபுட்டைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது, அவர் தப்பினார். ஏப்ரலில் இயக்கம் தடை செய்யப்பட்டது.

விசாரணைக் கமிஷன் நியாயமாக நடந்துகொண்டதா?

ஓரளவுக்கு. சர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையிலான நால்வர் குழுவில் பிரிட்டிஷ் தொழிற்கட்சி எம்.பி. ஒருவரும், நைஜீரியாவையும் கோல்ட் கோஸ்டையும் சேர்ந்த இரண்டு ஆப்பிரிக்க நீதித்துறையினரும் இருந்தார்கள். 1950-இல் அறிக்கை வந்தபோது லண்டனில் காலனி அமைச்சராக இருந்தவர் ஜேம்ஸ் கிரிஃபித்ஸ். வேல்ஸில் சிறுவனாகவே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனவர், தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர்.

அறிக்கையின் மையமான குற்றச்சாட்டு நிர்வாகத்தின் மீது. ஒரு தொழில் தகராறுக்கும் அரசியல் கிளர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்காமல், முன்னதைப் பின்னதாக நடத்தினார்கள் என்றது. ஒஜியியின் தலைமையையும் கடுமையாகக் கண்டித்தது. தொழிலுறவுப் பேச்சுவார்த்தைக்கு ஒழுங்கான அமைப்புகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிலிப் விஷயத்தில் மட்டும் மென்மை காட்டியது: அவர் செய்தது முடிவெடுப்பதில் ஏற்பட்ட பிழை என்றது. 21 பேர் இறந்ததற்குப் பிழை என்ற சொல் போதாது என்று நைஜீரியாவில் எழுந்த கோபம் முற்றிலும் நியாயமானது.

இதனால்தான் 1951 அரசியலமைப்பு வந்ததா?

இப்படி எழுதுவது தவறு. அப்போது நடப்பிலிருந்த ரிச்சர்ட்ஸ் அரசியலமைப்பை மாற்றும் கலந்தாய்வு 1949-லேயே ஊர், மாவட்டம், மாகாணம் என்று படிப்படியாக நடந்துகொண்டிருந்தது. 1950 ஜனவரியில் இபாடானில் பொது மாநாடு கூடியது. துப்பாக்கிச் சூடு அந்தப் பேச்சுக்கு நடுவே விழுந்தது. அதைத் தொடங்கிவைக்கவில்லை, ஆனால் சீர்திருத்தத்தைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதைக் கடினமாக்கியது. 1960 அக்டோபர் 1 சுதந்திரத்துக்குப் போன பாதையில் எனுகு ஒரு திருப்பம், ஒரே காரணம் அல்ல.

அப்படியானால் இதை விடுதலைப் போராட்டம் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஒரு நிபந்தனையோடு. தொழிலாளர்கள் கொடி பிடித்து வரவில்லை. அவர்கள் கேட்டது தங்கள் உழைப்புக்கான பணம். கூலிப் பாக்கியைக் கலகமாகப் பார்த்தது அரசாங்கம். அந்தப் பார்வையோடு துப்பாக்கியை அனுப்பியதால் கூலிக் கேள்வி ஆட்சிக் கேள்வியாக மாறியது. இறந்தவர்களை முதலிலிருந்தே தேசியப் போராளிகளாக வரைவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை போலத் தோன்றும். உண்மையில் அவர்கள் கேட்டதை அது மறைத்துவிடுகிறது.

சுரங்கம் பிறகு என்ன ஆனது?

1950-இல் நைஜீரிய நிலக்கரிக் கழகம் அமைக்கப்பட்டு, சுரங்கம் அரசுத் துறையிலிருந்து அதன் கைக்குப் போனது. 1958-59-இல் உற்பத்தி 9 லட்சம் டன்னைத் தாண்டி உச்சம் தொட்டது. அதற்குள் 1956-இல் ஒலோய்பிரியில் பெட்ரோலியம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ரயில் டீசலுக்கு மாறியது, கரிக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் போனார். 1967-இல் நைஜீரியாவிலிருந்து பிரிவதாக அறிவித்த கிழக்குப் பகுதியான பியாஃப்ராவின் தலைநகராக எனுகு ஆனது, போரில் சுரங்கங்கள் நின்றன, நீரில் மூழ்கின. போருக்குப் பின் பழைய அளவுக்கு மீளவே இல்லை.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் எண்ணிக்கை: இறந்தவர் 21, காயமடைந்தவர் 51. இரண்டையும் கூட்டி இறப்பு எண்ணிக்கையாகப் போடுகிறார்கள். அடுத்தது இடம்: உடி, ஒக்பெட்டே, ஐவா பள்ளத்தாக்கு மூன்றும் ஒன்றல்ல. சூடு நடந்தது ஐவா பள்ளத்தாக்கில். ‘வேலைநிறுத்தத்தில் சூடு’ என்று எழுதாதீர்கள், நடந்தது மெதுவேலையும் அதைத் தொடர்ந்த உள்ளிருப்பும். 1945 பொது வேலைநிறுத்தத்தையும் 1949 தகராறையும் ஒன்றாகக் கலக்கும் கட்டுரைகளும் நிறைய உண்டு, நான்கு ஆண்டு இடைவெளியில் கோரிக்கைகளே மாறியிருந்தன. கமிஷன் அறிக்கையை மேற்கோள் காட்டினால் நிர்வாகத்தைப் பற்றிச் சொன்னதையும் சங்கத்தைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்தே காட்டுங்கள். ஒரு பாதியை மட்டும் எடுத்தால் யாருக்கு வேண்டுமானாலும் சாதகமாக அதை வளைத்துவிடலாம்.